காதுக்கு ஏற்ற கட்டை எது?

பழவங்காடி கணபதி கோயில் முன்னால் தேங்காய் உடையும் ஓசை காலையில் தொடங்கினால் நடை சாத்தும்வரை ஓய்வதில்லை. பரீட்சை, வேலைக்கான பேட்டி, வீடு மாறுதல், ஊருக்குப் பயணம் என்று எது முன்னிட்டும் ஒரு தேங்காய். திருவிதாங்கூர்ப் படை வீரர்கள் வழிபட்ட இந்தப் பிள்ளையாரை இன்றும் இந்திய ராணுவத்தின் மதராஸ் ரெஜிமெண்டே பராமரித்து வருகிறது. உடைந்து சிதறும் சிரட்டையைப் பார்க்கிறவர்கள் அதை அடுப்பெரிக்கும் பொருளாகவே நினைப்பார்கள். (சென்னைப் பக்கத்தார் கொட்டாங்கச்சி என்பதைக் குமரி மாவட்டத்தாரும் மலையாளிகளும் ஒன்றுபோலச் சிரட்டை என்கிறார்கள்.) ஆனால் அதே சிரட்டை கொஞ்சதூரம் தள்ளி, ஸ்டாச்சு அருகே எஸ்.எம்.எஸ்.எம். கைவினை நிலையத்துக்குள் போனால் மெருகேறிய நகையாகவும் கிண்ணமாகவும் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்திருப்பது லேசர் ஒளியால் வெட்டிய மரக் கம்மல். மயில், யானை, தாமரை, தமிழ் எழுத்து என்று கோலப்பொடியில் இழுத்தது போன்ற மெல்லிய கோடுகளுடன் கல்லூரிப் பெண்கள் காதில் ஆடுகிறது. ஒரு ஜோடியை எடுத்துப் பார்த்தால், "இதிலே என்ன இருக்கிறது, மூன்று மில்லிமீட்டர்ப் பலகைதானே!" என்று தோன்றும்.

அப்படித் தோன்றுவதால்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். கரமனையிலோ வலியசாலையிலோ வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குமாஸ்தாக் குடும்பத்துக்கு இது நல்ல உபதொழில்தான். இடம் வேண்டாம், இயந்திரமும் வாங்க வேண்டாம். படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, பெயர்ப்பலகையும் கேடயமும் செய்யும் கடைகளில் கூலி கொடுத்து வெட்டிக்கொள்ளலாம். கேரள ஸ்டார்ட்அப் மிஷன் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் தொடங்கிய ஃபேப் லேப் போன்ற பொதுப் பட்டறைகளும் உண்டு. மனைவியோ மகளோ கொக்கி மாட்டி மெருகு போட்டால் சரக்கு தயார். முதல் போடுவது மரத்திலும் வெட்டுக் கூலியிலும் மட்டும். மரத்தில் ஏமாந்தால் வெட்டுக் கூலியும் கூடவே போய்விடும் என்பதுதான் இதில் உள்ள சங்கதி.

தந்தம் போய் மரம் வந்த கதை

அணிகலனுக்கும் சிற்பத்துக்கும் ஏற்ற பொருளைத் தேடி அலைவது இந்நகரத்துக்குப் புதிதல்ல. திருவனந்தபுரம் ஒரு காலத்தில் தந்தச் செதுக்கு வேலைக்குப் பெயர் போன ஊர். உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா விக்டோரியா ராணிக்கு அனுப்பிய தந்த சிம்மாசனம் 1851ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் உலகத்தார் கண்ணைப் பறித்தது. அந்தக் கைவேலைக்கு முடிவு சட்டத்தின் வழியே வந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1986இல் செய்த திருத்தம் உள்நாட்டுத் தந்த வியாபாரத்தை நிறுத்தியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தந்தத்துக்கும் கதவை அடைத்தது. யானைக்கு அது நன்மை. வேறு தொழில் அறியாத கைவினைஞருக்கு அடுப்பு அணையும் நிலை. உளியைக் கீழே போட மனமில்லாதவர்கள் ஈட்டி, சந்தனம், வெள்ளை மரங்கள் என்று கட்டைக்குத் திரும்பினார்கள்.

அங்கும் நிம்மதி நீடிக்கவில்லை. ஈட்டி மரத்துக்கும் சந்தனத்துக்கும் இன்றைக்கு உள்ள கட்டுப்பாடுகளைப் பின்னால் பார்ப்போம். முதலில் லேசர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மரத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது.

வாள் இல்லாத அறுப்பு

மரம் வெட்டப் பயன்படுவது கரியமில வாயு லேசர். இதை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்து பூனாவில் பொறியியல் படித்த குமார் படேல். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஊசி முனை அளவுக்குக் குவிந்து விழும் இடத்தில் மரத்தைக் கணத்தில் ஆவியாக்கிவிடுகிறது. வெட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். வெட்டிய விளிம்பு கரிந்து காப்பிக் கொட்டை நிறத்தில் இருக்கும்.

ஆகவே லேசர் மரத்தை அறுப்பதில்லை, எரிக்கிறது. ஆசாரி உளி பிடிக்கும்போது மரத்தில் ஒரு முடிச்சு குறுக்கிட்டால் கை உணர்ந்து சற்று அழுத்தும். இயந்திரத்துக்கு அந்த உணர்வு கிடையாது. ஒரே வேகத்தில் ஓடும். முடிச்சு உள்ள இடத்தில் வெட்டு அடிவரை இறங்காது. பிசின் உள்ள இடத்தில் தீ கொஞ்சம் எழும்பிக் கறை படியும். பலகை வளைந்திருந்தால் ஒளி குவியும் உயரம் மாறி ஒரு மூலை வெட்டுப்படும், மறு மூலை ஒட்டிக்கொண்டே நிற்கும். தட்டையாக, ஒரே சீராக, உள்ளே ஒளிவு மறைவு இல்லாமல் இருக்கும் மரமே லேசருக்கு நல்ல மரம். விலையுயர்ந்த மரம் என்பது வேறு விஷயம்.

பிளைவுட் கடையில்

பெரும்பாலோர் முதலில் போய் நிற்பது சாலைக் கடைவீதியில். ராஜா கேசவதாசர் திவானாக இருந்த காலத்தில் உண்டான அந்தத் தெருவில் தமிழ் வியாபாரிகளுக்குப் பஞ்சமில்லை. "அண்ணாச்சி, மூணு மில்லி பிளைவுட்டு ஒரு ஷீட்டு" என்று கேட்டால் எடுத்துப் போட்டுவிடுவார். அது போதாது. எந்தப் பசை போட்டது என்று கேட்க வேண்டும்.

பிளைவுட் என்பது சீவிய மரத் தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பசையால் ஒட்டியது. ஈரம் தாங்கும் உயர்ந்த ரகங்களிலும், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல் உபயோகப் பலகையிலும் ஃபீனால் பசை இருக்கிறது. வீட்டுக் கதவுக்கும் சமையலறை அலமாரிக்கும் அதுதான் உயர்த்தி. கம்மலுக்கு அதுவே இடைஞ்சல். அந்தக் கருஞ்சிவப்புப் பசைக் கோட்டை லேசர் எளிதில் கடப்பதில்லை. வேகத்தைக் குறைத்து வெட்டினால் விளிம்பு கரிக்கட்டையாகிறது. ஐ.எஸ். 303 தரத்தில் எம்.ஆர். எனப்படும் சாதாரண ரகம் யூரியா பசையால் ஒட்டியது. இதை லேசர் சுலபமாக வெட்டும். கதவுக்கு மட்டம், காதுக்கு உசத்தி! கடைக்காரர் நல்லெண்ணத்தோடு, "கொஞ்சம் கூடக் கொடுத்து நல்ல ரகமா வாங்குங்க" என்று சொன்னாலும் கேட்கக் கூடாத இடம் இது ஒன்றுதான்.

அடுத்தது உள்ளே இருக்கும் ஓட்டை. மலிவுப் பலகையில் நடுத் தாள்கள் துண்டு துண்டாகச் சேர்த்தவையாக இருக்கும். இடைவெளியை மாவடைத்து மூடியிருப்பார்கள். மேலே பார்த்தால் தெரியாது. பலகையின் நான்கு விளிம்பையும் பார்த்துக் கருப்புச் சந்து இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் பொள்ளலான இடத்தில் சத்தம் மாறும். பலாப்பழம் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பிர்ச் மரப் பலகையில் இந்தக் குறை குறைவு; முகம் வெளுப்பாக, கோடு அழகாக விழும். விலைதான் உறைக்கும்.

எம்.டி.எஃப். என்னும் மரத்தூள் பலகை தட்டையாகவும் மலிவாகவும் இருக்கிறது. சாயம் பூசி விற்கும் பெரிய வளையத்துக்கு ஆகலாம். ஆனால் தண்ணீர் பட்டால் பிஸ்கட்டுப் போல ஊதிவிடும். திருவனந்தபுரத்தில் தென்மேற்கு மழை ஜூனில் ஒரு தரம், வடகிழக்கு மழை ஐப்பசியில் ஒரு தரம் என்று இரண்டும் பெய்கிறது. வியர்வை ஆண்டு முழுவதும் உண்டு. மெல்லிய வேலைப்பாட்டுக்கு இதை நம்பக் கூடாது. வெட்டும்போது எழும் புகையில் பசையின் ஃபார்மால்டிஹைடு இருப்பதால் புகைபோக்கி இல்லாத அறையில் நிற்கவும் கூடாது.

ஒரு எச்சரிக்கை. பெயரில் 'வுட்' என்று தாங்கிக்கொண்டு கடைகளில் நிற்கும் வெள்ளைப் பலகைகளில் பல, மரமே அல்ல, பி.வி.சி. பிளாஸ்டிக். கறையான் அரிக்காது என்று அலமாரிக்கு வாங்குகிறார்கள். லேசரில் வைத்தால் குளோரின் சேர்ந்த அமில வாயு கிளம்பி மூச்சையும் கெடுக்கும், இயந்திரத்தையும் துருப்பிடிக்க வைக்கும். ரெக்சினுக்கும் இதே கதிதான்.

நாட்டு மரங்களின் குணம்

பிளைவுட்டோடு திருப்திப்படாதவர்கள் முழு மரத்துக்கு வருகிறார்கள். இங்குதான் பழைய ஆசாரிகளின் அனுபவம் கை கொடுக்கிறது.

பலா மரம் இந்நகரத்துத் தோட்டங்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் தாராளம். தஞ்சாவூர் வீணை குடைவதும் இதில்தான். அறுத்த புதிதில் மஞ்சள். காற்றும் வெளிச்சமும் பட்டு நாளடைவில் தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். வாங்குகிறவரிடம் இதைச் சொல்லி விற்பது நல்லது. மஞ்சள் கடம்பு நுண்ணிய ரேகை உள்ளது, கடைசலுக்கும் செதுக்கலுக்கும் பேர் போனது. குமிழ் மரம் இலேசானது, வெளுத்தது, காய்ந்த பின் அதிகம் சுருங்குவதில்லை. கம்மலுக்கு இதைவிட அடக்கமான மரம் கிடைப்பது அரிது. கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மையும் வளையலும், ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்கா பொம்மையும் கடையப்படும் வெட்பாலை மரத்துக்கு மலையாளத்தில் தந்தப்பாலை என்று பெயர். மரமும் தந்தம்போல் வெளுப்பாக இருக்கும். தந்தம் போன ஊரில் தந்தப்பாலை!

ரப்பர் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பால் வற்றிய மரத்தை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் வெட்டிவிடுகிறார்கள். கேரளத்திலும் குமரியிலும் இது ஏராளமாகக் கிடைப்பதால் காட்டு மரத்தின் மீது கை வைக்க வேண்டிய அவசியம் குறைகிறது. நிறம் வெளுப்பு, ரேகை சீர். ஆனால் மரத்தில் மாவுச் சத்து அதிகம். பச்சையாக விட்டால் சில நாட்களில் நீலப் பூஞ்சையும் வண்டும் ஏறும். போரிக் அமிலம், வெண்காரம் கலந்த நீரில் பதப்படுத்திச் சூளையில் உலர்த்தியதா என்று கேட்டு வாங்க வேண்டும். பலகையில் குண்டூசித் துளையும் கீழே மாவுத் தூளும் கண்டால் அது உளுத்த சரக்கு. அப்படிப்பட்ட பலகை ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்தால் கூட இருக்கும் பலகைகளுக்கும் பரவும்.

கருங்காலியைச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் கருங்காலி மாலை மோகம் வந்த பிறகு சாயக் கருங்காலியும் சேர்ந்தே வந்தது. ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்தால் சாயம் ஒட்டும். கத்தி முனையால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். லேசரிடம் இந்த வேஷம் பலிப்பதில்லை, வெட்டு வாயிலேயே குட்டு உடைந்துவிடும். ஆனால் அதற்குள் மரத்துக்குக் கொடுத்த பணம் போயிருக்கும்.

எடை முக்கியம். நாலு சென்டிமீட்டர் அகலம், ஆறு சென்டிமீட்டர் நீளம், மூன்று மில்லிமீட்டர் கனத்தில் முழுத் துண்டாக ஒரு கம்மல் ஈட்டி மரத்தில் ஏறக்குறைய 6 கிராம் வரும். ரப்பர் மரத்தில் 4 கிராம் சொச்சம். கனத்தை இரண்டு மில்லிமீட்டராக்கினால் 3 கிராமுக்குள் அடங்கும். ஒரு பவுன் 8 கிராம் என்பதை நினைத்துப் பார்த்தால் காது படும் பாடு தெரியும். பாம்படம் போட்டு வளர்ந்த காதுகள் வேறு. நாள் முழுதும் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் பெண் சாயங்காலம் கழற்றி எறிந்தால் மறுபடி வாங்கமாட்டாள்.

ரேகையின் திசையும் பார்க்க வேண்டியதே. முழு மரத்தில் மெல்லிய காம்பு போன்ற பகுதி ரேகைக்குக் குறுக்கே அமைந்தால் 'பட்'டென்று ஒடியும். நீளவாட்டம் ரேகையோடு போகும்படி படத்தைத் திருப்பி வைக்க வேண்டும். கொக்கி மாட்டும் துளைக்கு மேலே இரண்டு மில்லிமீட்டராவது மரம் இருக்கட்டும். பிளைவுட்டுக்குக் குறுக்கு அடுக்கு இருப்பதால் இந்தக் கவலை குறைவு; ஜாலி வேலைக்கு எல்லாரும் அதை நாடுவது இதனால்தான்.

ஈரம் செய்யும் சேட்டை

காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும்போது மரம் தன் எடையில் சுமார் 16 சதவீதம் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். அதே கம்மல் குளிரூட்டிய ஆபீசுக்குள் போனால் நீர் 9 சதவீதம் அளவுக்கு இறங்கும். இறங்கும்போது சுருங்கும், சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இராது. அதனால்தான் வீட்டில் தட்டையாக இருந்த தாமரை ஆபீசில் அப்பளமாகிறது. மையத்திலிருந்து பட்டைக்குப் போகும் திசையில் அறுத்த பலகை பாதியளவே சுருங்கும். அறுவை மில்லில் அப்படிக் கேட்டு வாங்கலாம். வாங்கிய பலகையை ஒரு மாதமாவது வீட்டுக்குள், தரையில் படாமல், குறுக்குச் சட்டம் கொடுத்து அடுக்கி வைக்க வேண்டும். கட்டில் அடியே போதும். வெட்டிய உடனே இரு முகத்துக்கும் மெழுகோ எண்ணெயோ வார்னிஷோ பூச வேண்டும். ஒரு முகம் மட்டும் பூசினால் அதுவே வளைவுக்குக் காரணமாகும்.

தோல் விஷயத்தில் அலட்சியம் ஆகாது. ஈட்டி இனத்து மரங்களின் தூள் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். உப்புத்தாள் தேய்ப்பவர் மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். காது புண்ணாகிறது என்று வரும் புகாரில் பெரும்பாலும் குற்றவாளி மரமன்று, மலிவுக் கொக்கியில் உள்ள நிக்கல்.

ரசீது இல்லாத மரம்

ஈட்டி, சந்தனம் இரண்டையும் "தெரிந்தவர் மூலம் கொஞ்சம் கட்டை வருகிறது" என்று யாராவது சொன்னால் விலகிப் போவதே புத்திசாலித்தனம். கேரளத்தில் தனியார் நிலத்தில் நின்றாலும் சந்தனம், தேக்கு, ஈட்டி முதலிய மரங்களுக்குத் தனி விதிகள் உண்டு. வயநாடு மாவட்டம் முட்டிலில் 2020-21இல் பட்டா நிலங்களில் நூற்றுக்கு மேற்பட்ட ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டது பெரிய வழக்காகி, அதற்கு வழிவிட்ட அரசு உத்தரவே திரும்பப் பெறப்பட்டது. வெட்டியவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர் என்றாலும் விசாரணை கட்டையைத் தொடர்ந்துதான் வரும். வெளி மாநிலத்தில் பிழைக்க வந்தவர்களுக்கு, மொழி தெரியாத ஸ்டேஷனில் பதில் சொல்லும் நிலை வேண்டாத வம்பு.

வளைகுடாவில் இருக்கும் உறவினர் வழியாக வெளிநாட்டுக்கு விற்க நினைப்பவர்கள் இன்னொன்றும் அறிய வேண்டும். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் ஈட்டி மரம் உட்பட டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் இடம் பெற்றது. கைவினைஞர்களின் ஏற்றுமதி அடிபட்டதைத் தொடர்ந்து, ஒரு சரக்கில் 10 கிலோவுக்கு உட்பட்ட முடிந்த பொருள்களுக்கு 2019இல் விலக்கு கொடுத்தார்கள். எனினும் பார்சல் கட்டுமுன் சுங்கத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. கறுப்பு நிற அழகு மட்டும் போதுமென்றால் சிரட்டை இருக்கிறது. அதற்கு எந்தப் பர்மிட்டும் கிடையாது. ஆனால் பழவங்காடியில் சூறை விட்டுச் சிதறியது ஆகாது. நன்றாக முற்றிய நெற்றை மட்டமாக அறுத்து எடுத்த ஓடு வேண்டும். வளைவாக இருப்பதால் லேசருக்குச் சிறு துண்டுகளே தோதுப்படும்.

எங்கே வாங்குவது, எவ்வளவு வாங்குவது

பிளைவுட் தொழிலுக்குக் கேரளத்தில் பெரும்பாவூர்தான் தலைநகர். நகரத்துக் கடைகளில் இருப்பதில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது. முழு மரத்துக்கு ஆரியங்காவு, குளத்தூப்புழைப் பக்கம் வனத்துறை டிப்போக்களில் ஏலம் நடக்கிறது. அது பெரிய தடி வாங்குவோருக்கு. கைப்பிடி மரம் தேடுவோருக்குச் செங்கோட்டை அறுவை மில்கள் தோது. 1956 நவம்பர் 1ஆம் தேதிவரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுத் தடிகளும் அங்கே அறுபடுகின்றன. ஊருக்குப் போய் வரும்போது பார்த்து வரலாம். ரசீது கேட்டு வாங்குவது அவசியம்.

ஒரு அங்குலப் பலகையை மூன்று மில்லிமீட்டர்த் தகடாக்கினால் வாள் தின்றதும் இழைத்ததும் போக நாலு தகடுதான் தேறும். பாதிக்கு மேல் தூள். முழு மரத்தின் விலையைப் பலகை விலையாகப் பார்க்காமல் தகடு விலையாகப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். பிளைவுட் கணக்கு சுலபம். எட்டுக்கு நாலு அடி ஷீட்டை இரண்டுக்கு இரண்டு அடியாக எட்டுத் துண்டு போட்டால், ஒவ்வொன்றிலும் ஐந்துக்கு ஏழு சென்டிமீட்டர் இடத்தில் ஒரு கம்மல் வீதம் 96. மொத்தம் 768, அதாவது 384 ஜோடி. கழிவுக்குக் கால் பங்கு தள்ளினாலும் 288 ஜோடி நிற்கும். ஷீட்டின் விலையை அதனால் வகுத்தால் ஒரு ஜோடிக்கு மரச் செலவு எவ்வளவு அற்பம் என்பது தெரியும். வெட்டுக் கூலியோ பெரும்பாலும் நிமிஷக் கணக்கு; ஜாலி நெருங்க நெருங்க நிமிஷம் ஏறும். கூலியே பெரிதாக இருக்கும் இடத்தில் மரத்தில் நாலு காசு மிச்சம் பிடித்து, வெட்டுப்படாத துண்டுகளைக் குப்பையில் போடுவது கணக்குத் தெரிந்த குமாஸ்தா செய்யும் காரியமன்று.

எடுத்தவுடன் முழு ஷீட்டும் வெட்டக் கொடுக்க வேண்டாம். அதே ஷீட்டின் மூலையில் ஒரு சாண் துண்டு அறுத்து, இரு முகத்திலும் காகித டேப் ஒட்டி, ஒரே ஒரு ஜோடி வெட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். டேப்பை உரித்தால் புகைக் கறை அதோடு போய்விடும். கீழ் முகத்திலும் கோடு முழுசாக விழுந்திருக்கிறதா, விரலால் தள்ளினால் தானே கழன்று விழுகிறதா என்று கவனிக்க வேண்டும். அந்த ஜோடியை வீட்டில் ஒருவர் காதில் ஒரு வாரம் போட்டிருந்து பார்த்துவிட்டு மீதியை வெட்டக் கொடுக்கலாம்.